அண்ணி போடாத கையெழுத்து

"முடியாது அத்தை" என்று சொல்லிவிட்டு, மருமகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

மாமியாருக்குச் சுருக்கென்றது.

"ஒரு கையெழுத்துதானே கேட்டேன்? உன் சொத்தையா எழுதித் தரச் சொன்னேன்?"

"வெறும் கையெழுத்து இல்லை அத்தை. ஒரு வருஷம் கூடவே இருந்து பார்த்து, அப்புறம் போடறது."

மருமகள் ஆஸ்பத்திரியில் மூத்த உளவியலாளர். அந்தப் படிப்பில் எது வரைக்கும் படிக்க முடியுமோ, அது வரைக்கும் படித்தவள். நாத்தனாரும் அதே படிப்புதான். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். முதல் பட்டம் வாங்கினாள், கல்யாணம், குழந்தைகள், அதோடு நின்றுபோயிற்று. அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து உளவியலாளராகப் பதிவு செய்துகொள்ள இத்தனை காலம் வழியே கிடையாது. அதனால் அதே ஆஸ்பத்திரியில் உதவியாளர். வருகிறவர்களை உட்காரவைத்து, பெயரைக் கூப்பிட்டு, உள்ளே அனுப்புவதோடு சரி.

இப்போது விதி மாறியிருந்தது. குறைவாகப் படித்தவர்களுக்கும் அவரவர் படிப்புக்குத் தகுந்த படியில் பதிவு உண்டு. பெரிய சிக்கல்களை மூத்தவர்களிடம் அனுப்பிவிட வேண்டும், மற்றதைத் தாங்களே பார்க்கலாம். ஆனால் மூத்த உளவியலாளர் ஒருவருடைய மேற்பார்வையில் ஒரு வருஷம் வேலை பார்த்து, 'இவரை நம்பலாம்' என்று அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

மேற்பார்வைக்கு ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. விண்ணப்பிக்க இந்த மாதம்தான் கடைசி. அதற்குள் கிடைக்காவிட்டால் சின்னவள் உதவியாளர்தான்.

"வீட்லயே ஆளை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடணுமாக்கும்! வர்றவங்க போறவங்க மனசெல்லாம் புரியுதாம். என் பொண்ணு மனசு மட்டும் புரியலையாம்."

"அம்மா, அவ என்ன சொல்றான்னா..." என்று மகன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு. உனக்குப் பேசற உரிமை கல்யாணத்தன்னிக்கே போயிடுச்சு."

மகன் மோர் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டான்.

சின்னவள் எழுந்துகொண்டாள். "விடும்மா. அண்ணிக்கு நான் என்னிக்கும் உதவியாளர்தான். அப்படியே இருந்துட்டுப் போறேன்."

மருமகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மாமியார் வேண்டாத தெய்வமில்லை. வேண்டுதல் வீண்போகவில்லை. 'சிவப்புப் பேனா' சின்னவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அதே ஆஸ்பத்திரியின் தலைமை உளவியலாளர் அவர். பயிற்சிக்கு வருகிறவர்கள் எழுதிக் கொடுப்பதில் அவர் சிவப்பில் சுழிக்காத வரி கிடையாது. அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"நாளையிலிருந்து என்கிட்ட வா. ஆனா ஒண்ணு. நான் திட்டுவேன்."

சொன்னபடியே திட்டினார்.

"அந்தம்மா அழுதுக்கிட்டிருக்காங்க. அதுக்குள்ள நீ புத்தி சொல்ல ஆரம்பிச்சுட்டே. அவசரம் அவங்களுக்கா, உனக்கா?"

இன்னொரு நாள், "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டு என்கிட்ட அனுப்பு. அதுல என்ன குறைஞ்சு போயிடுவே?"

சின்னவள் அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் போனாள். நாள் போகப் போக அழுகை குறைந்தது, திட்டும் குறைந்தது. ஒருநாள் அவள் எழுதிக் கொடுத்த பக்கத்தில் சிவப்பே இல்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டாள்.

வருஷம் முடிந்தது. கையெழுத்து கிடைத்தது. பதிவும் வந்தது.

சின்னவள் கூடத்தில் கிறுகிறுவென்று சுற்றினாள். மாமியார் கையிலிருந்த கரண்டியோடு கூடவே சுற்றினாள். மகன், "அம்மா, இடுப்பு!" என்று கத்தினான். மருமகள் வாசற்படியில் நின்று சிரித்தாள்.

"உனக்கென்ன சிரிப்பு? நீயா போட்டே கையெழுத்து?" என்றாள் மாமியார்.

மறுநாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, கூடை நிறையப் பழத்தோடு, மகளையும் அழைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவின் அறைக்குப் போனாள்.

"நீங்க நல்லா இருக்கணும் டாக்டரம்மா. சொந்த அண்ணியே கைவிட்டுட்டா. யாரோ எவரோ, நீங்க வந்து கை கொடுத்தீங்க."

சிவப்புப் பேனா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவருக்குச் சிரிக்கவும் தெரியும் என்பது சின்னவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நானும்தான் முதல்ல முடியாதுன்னேன். எனக்கு ஏது நேரம்? உங்க மருமகள்தான் விடாம வந்து நின்னாங்க. என் வேலையில பாதியை இந்த ஒரு வருஷமா அவங்கதான் பார்க்கறாங்க, நான் இவளுக்கு நேரம் ஒதுக்கணும்னு. பதிவு வர்ற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க."

மாமியார் பழக்கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னை அண்ணியே பார்த்திருக்கலாமே மேடம்?" என்றாள் சின்னவள்.

"அதைத்தான் நானும் கேட்டேன். 'நான் பார்த்தா, அவ கண்ணு கலங்கின அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவேன் மேடம்'னாங்க."