காய்ச்சல் ரொட்டி

அந்தக் குடியிருப்பில் உடம்பு நன்றாக இருக்கிற யாரும் ரொட்டி தின்பதில்லை. ரொட்டி என்றால் காய்ச்சல். கூடவே மிளகு தூக்கலாகப் போட்ட கோழி சூப். அதனால்தான் வேலை முடிந்து வந்த தணிகாசலத்தைக் கீழ்வீட்டு அம்சா படியேற விடாமல் நிறுத்தினாள். “அண்ணே, உங்க வீட்ல யாருக்குக் காய்ச்சல்? மத்தியானம் புடிச்சு அண்ணி மாவு பிசைஞ்சு குக்கர்ல ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்காங்க. மாடியே மணக்குது.” வீட்டில் இருப்பது அவரும் மனைவி கோமளமும் மட்டும்தான். ஒன்பது நாளாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. சண்டை எதில் ஆரம்பித்தது என்பதுகூட மறந்துபோய், யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் மிச்சமிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். அடுப்படியில் சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தவளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். கழுத்திலும் வைத்தார். பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. “அப்போ யாருக்கு?” என்றார். கோமளம் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டாள். ஒரு ஜுரம் பார்ப்பதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அந்தக் கை அங்கேயே இருந்தது. “உங்களுக்குத்தான். லேசா அடிக்குது.” அவர் மறுக்கவில்லை. சூடு ஆறாத ரொட்டியை அவள் பிட்டுத் தர, சூப்பில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். காலிக் கிண்ணத்தை நீட்டும்போது குரலைக் கொஞ்சம் சோர்வாக வைத்துக்கொண்டார். “சட்டுனு விடாது போலிருக்கு கோமளம். எப்படியும் நாலு நாள் இருக்கும்.”