தொடக் கூடாத ஓட்டை

பெருச்சாளி மேஸ்திரி தோண்டிக் கொடுத்த வளை, முதல் மழைக்கே ஒழுகியது. எலி எத்தனை தடவை தேடிப் போயும் மேஸ்திரி கண்ணில் படவில்லை. கடைசியில் அது ஆமை வக்கீலிடம் போய் அழுதது.

"ஓட்டையைத் தொட்டுடாதேம்மா. அதுதான் நமக்குச் சாட்சி. கோர்ட்டிலிருந்து ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே இருக்கணும்" என்றது ஆமை.

"மறுபடி மழை வந்தா? உள்ளே கண் திறக்காத குட்டிங்க இருக்கே!"

"ஒழுகினாத்தானேம்மா கேஸு?" என்று சொல்லிவிட்டு ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

எலி வீடு திரும்பியபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வளைக்கு மேலே, வாய் நிறையக் களிமண்ணோடு பெருச்சாளி நின்றிருந்தது. எலியைக் கண்டதும் மண்ணைக் கீழே வைத்தது.

"தப்பு என்னோடதுதான் தங்கச்சி. ஒரு நிமிஷம், அடைச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்."

எலி பாய்ந்து போய் ஓட்டையின் மேல் படுத்துக்கொண்டது.

"சாட்சியை அழிக்கவா வந்தே? கிட்ட வந்தா கடிச்சிடுவேன்!"

"உனக்கென்ன பைத்தியமா? குட்டிங்க நனையப் போகுது!"

எலி நகரவில்லை. பெருச்சாளி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

மழை பிடித்துக்கொண்டது. முதுகு தொப்பலாக நனைந்தும், உள்ளே ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அப்போதுதான் எலிக்குத் திக்கென்றது. தான் படுத்திருப்பதும் அடைத்த மாதிரிதானே? இதனால் கேஸ் போய்விடுமோ? யாரைக் கேட்பது?

ஒன்றும் புரியாமல், கொஞ்சம் நகர்ந்து மழைக்கு வழிவிட்டது.