மைனாவின் தொண்டை

மயில் சினிமாவில் நாயகனாக இருந்த காலத்திலேயே, கேமராவுக்குப் பின்னால் நின்று அதற்கு வசனம் எடுத்துக்கொடுத்தது மைனாதான். மயில் கட்சி தொடங்கியதும் மைனா மேடைக்குப் பின்னால் போய் நின்றது. மயில் மந்திரியானது, தீவன ஆலையும் கட்டியது. ஆலைத் திறப்பு விழாவன்று பார்த்து மைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"அண்ணே, குரலே வரலை. வேற யாரையாவது பின்னால நிறுத்திக்குங்க" என்றது வெறும் காற்றாக. இன்றோடு தன் பிழைப்பு போயிற்று என்று அதற்குப் பயம்.

"சும்மா இருய்யா. இன்னிக்கு என் பக்கத்துல வந்து நில்லு, போதும்" என்றது மயில்.

மைக் முன்னால் மயில் திருதிருவென்று விழித்தது. கூட்டம் சலசலத்தது. கடைசியில் மயில் திக்கித் திக்கிச் சொன்னது: "எனக்குப் பேச வராதுங்க. இத்தனை வருஷமா நீங்க கைதட்டினதெல்லாம் இந்த மைனா சொல்லிக்கொடுத்த பேச்சுக்குத்தான். ஆலைக்கு இவன் பேரைத்தான் வைக்கிறேன்."

மைனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஆடு எருமையை இடித்தது. "என்னா பேச்சு பாத்தியா! இதையும் அந்த மைனாதான் சொல்லிக்கொடுத்திருக்கும்."

இல்லை என்று கத்த மைனா அலகைத் திறந்தது. காற்றுதான் வந்தது.