ஒரு குறையுமில்லை

"நீங்க உதவி செஞ்சப்புறம் எல்லாரோட மனநிறைவும் குறைஞ்சுதான் போயிருக்கு, நவால். இதுக்கு எப்படி நான் பணம் கொடுக்கச் சொல்றது?"

தலைநகர் அம்மானிலிருந்து வந்திருந்த தஹானி கணினியை மூடினாள்.

ஜர்கா நகரில் தனியாக வாழும் பெரியவர்களை அடிக்கடி போய்ப் பார்த்து, வேண்டியதைச் செய்துவரும் சின்ன அமைப்பு நவாலுடையது. அவர்களுடைய மனநிறைவு கூடினால்தான் அடுத்த வருடம் நிதி. இல்லையென்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான். கூடியதா என்று அளந்து சொல்வது தஹானியின் வேலை.

போன வருடம், உதவி தொடங்குவதற்கு முன்பு, தஹானியின் ஆட்கள் போய்க் கேட்டார்கள். எல்லாரும் இறைவனைப் புகழ்ந்து ஒரே பதில்தான் சொன்னார்கள். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையுமில்ல." முழு மார்க்.

இந்த வருடம் நவாலின் ஆட்கள் கேட்டார்கள். மூட்டு வலி, ஒழுகும் கூரை, போன் செய்யாத பிள்ளைகள் என்று பெரியவர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள்.

நேரில் வந்து பாருங்கள் என்று நவால் அழைத்துப் போனாள்.

அபூ அவாத் முன்னாள் டாக்ஸி டிரைவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனிக்கட்டை. நவால் ரொட்டி வாங்க எதிர்க்கடைக்குப் போக, தஹானி மட்டும் உள்ளே போய் நலம் விசாரித்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ், மகளே. ஒரு குறையுமில்ல."

பின்னாலேயே நவால் நுழைந்தாள். மனிதருக்கு முகமே மாறிவிட்டது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ராத்திரி பூரா கால் குடைச்சல். ஹீட்டர் வேற புகையுது. நீ பாட்டுக்கு ஆடி அசைஞ்சு வர்ற."

நவால் சிரித்துக்கொண்டே ஹீட்டரைக் கழற்ற உட்கார்ந்தாள்.

"கேட்டீங்களா, தஹானி? அல்ஹம்துலில்லாஹ் எல்லாம் வெளியாளுக்கு. புலம்பல் சொந்தத்துக்குத்தான்."

"நல்லாத்தான் பேசறீங்க. அதுக்கு என்கிட்ட மார்க் இல்லையே."

தஹானி மாடியிலிருந்து இறங்கிப்போய்க் காரில் உட்கார்ந்தாள். கராக்கில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, வழக்கம்போல கிளம்பும் முன் ஒரு போன்.

"எப்படிம்மா இருக்கே?"

"அல்ஹம்துலில்லாஹ், மகளே. ஒரு குறையுமில்ல."

எப்போதும் இதைக் கேட்டதும் நிம்மதியாக வைத்துவிடுவாள். இன்று காரைக் கிளப்பாமல் இறங்கினாள்.

மறுபடி மாடியேறினாள். நவால் கையெல்லாம் கரியாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பணம் வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் தஹானி. கொஞ்சம் தயங்கினாள்.

"உங்க ஆளுங்க கராக் வரைக்கும் வருவாங்களா?"