கூட்டாமல் குறைக்காமல்

“எல்லா வீட்லயும் பொண்டாட்டிகிட்ட வாயை அடக்குன்னு சொல்வாங்க. நான் கையை அடக்குன்னு சொல்ல வேண்டியிருக்கு. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ” என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனார் என் வீட்டுக்காரர்.

எப்படிப் பொறுத்துக்கொள்வது? நான் சைகை மொழிபெயர்ப்பாளர். மேடையில் ஒருவர் பேசப் பேச, காது கேளாதவர்களுக்கு அதைக் கையால் சொல்வது என் பிழைப்பு. அன்று பேச வந்தவர் புதிதாக ஜெயித்த எம்.பி. பழமைவாதக் கட்சிக்காரர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஈவு இரக்கம் இருக்காது. எங்கள் வீட்டில் அவருக்கு இஸ்திரிப்பெட்டி என்று பெயர்.

நூலகத்தின் மாடியில் கூட்டம். முன்வரிசையில் காது கேளாதவர்கள் எட்டுப் பேர், எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். நான் எம்.பி.க்கு இரண்டடி தள்ளி நின்றேன்.

“நாட்டுப் பிரச்சினைகள்ல என் நிலைப்பாடு என்னன்னு கேக்கறீங்க. ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடறேன்” என்று ஆரம்பித்தார்.

வரியைக் குறைக்கணும் என்றார். சொன்னேன். எல்லையில் கெடுபிடி வேணும், வெளிநாட்டுக்காரங்க முறையாத்தான் உள்ளே வரணும் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். குடும்ப விஷயத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். அதையும் சொன்னேன்.

அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“சிறப்புப் பள்ளிகளுக்கு அரசாங்கம் நேரடியாக் கொடுக்கற பணத்தை நிறுத்தணும். அது முழுசும் பெத்தவங்க கைக்குப் போகணும். எந்தப் பள்ளிக்கூடம்னு அவங்க முடிவு பண்ணட்டும்.”

என் மகளுக்கு ஒன்பது வயது. காது கேட்காது. அவளுக்கு ஊரில் இருப்பது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பணம் நின்றால் ஒரு வருஷம் தாங்காது. சொகுசாக வளர்ந்த இந்த மனுஷனுக்கு அது எங்கே புரியப்போகிறது?

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சத்தியம்தான். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பதினான்கு வருஷத்தில் ஒரு நாளும் நான் அதை மீறியதில்லை.

அன்று மீறினேன். ‘உங்க பள்ளிக்கூடத்துக்குப் பணத்தை நிறுத்தப்போறேன்’ என்பதோடு கையை நிறுத்திக்கொண்டேன். பெற்றவர்கள் கைக்குப் போகும் என்ற பாதியை விழுங்கிவிட்டேன். அதோடு விட்டேனா? ‘உங்களுக்குச் செலவு பண்றது தண்டம்’ என்று சொந்தமாக ஒன்றைச் சேர்த்தும் விட்டேன்.

முன்வரிசையில் இருந்த தையல்காரர் எழுந்தார். அவர் கைகள் பறந்தன. நான் அதை ஓர் எழுத்துக் குறையாமல் குரலில் சொன்னேன்.

“நாங்க தண்டமா? நாப்பது வருஷமா உழைச்சுச் சாப்பிடறேன். யார்கிட்டயும் கையேந்தினதில்ல. இப்படிச் சொல்ல உனக்கு வெக்கமா இல்ல?”

எம்.பி. அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னது முழுசா வந்து சேரலை போலிருக்கு. இன்னொரு தடவை மெதுவா சொல்றேன்” என்று, என்னையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக அதையே திரும்பச் சொன்னார்.

எவ்வளவு திமிர் பாருங்கள். எனக்கே பாடம் நடத்துகிறாராம். இரண்டாவது தடவையும் நான் அந்தப் பாதியைச் சொல்லவில்லை.

எட்டுப் பேரும் எழுந்து வெளியே போனார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் முணுமுணுத்தார்கள். எம்.பி. தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே, ‘இஸ்திரிப்பெட்டி நல்லா வாங்கிக் கட்டிக்கிச்சு’ என்று வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். நிமிர்ந்தால் எதிரே எம்.பி. உதவியாளரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நானும் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

“சார், அந்தப் பள்ளிக்கூடத்தை மூடினா எங்க பிள்ளைங்க எங்க போகும்?”

அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கினார்.

சைகை. வகுப்பில் படித்த சைகை இல்லை. தவழ்கிற வயதிலிருந்து வீட்டுக்குள் பழகியவர்களுக்குத்தான் அப்படி வரும்.

‘எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேட்காது’ என்றார் கையால். ‘தண்டம்னு அம்மாவை நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். அதை நானே சொன்னதா ஆக்கிட்டீங்க. அதுதாம்மா வலிக்குது.’

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “அப்போ... மேடையிலயே நீங்க சொல்லியிருக்கலாமே” என்றேன்.

‘சொல்லியிருந்தா இனிமே அவங்க யாரும் உங்க கையை நம்ப மாட்டாங்க. இந்த ஊர்ல அவங்களுக்கு உங்களை விட்டா வேற ஆள் இல்லையாமே.’

ஜன்னலுக்கு வெளியே காட்டினார். வாசலில் தையல்காரர் ஏழு பேருக்கு நடுவில் இன்னும் கோபமாகக் கைகளை வீசிக்கொண்டிருந்தார்.

‘விட்ட பாதியையும், சேர்த்ததையும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க. முழுசாத் தெரிஞ்ச பிறகும் அவர் என்னைத் திட்டத்தான் போறார். அது எனக்கு வரவேண்டிய திட்டு, வாங்கிக்கறேன்.’