ஆளில்லாத கப்பல்

மூன்று வாரம் உயிரைக் கொடுத்து அந்தப் பாறையை இழுத்து வந்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனாலும் மலையத்தனை விண்கல்லை ஆளில்லாத விண்கப்பலால் தள்ளிக்கொண்டு வந்து பூமியைச் சுற்ற வைப்பது லேசுப்பட்ட வேலையா? நான் குளித்துவிட்டு வருவதற்குள் தம்பி இன்ஜினை முடுக்கி, இருந்த எரிபொருளையெல்லாம் எரித்துவிட்டான். பாறை பாதை தவறிப் போயே போய்விட்டது. போதாக்குறைக்கு, பழையபடி திரும்ப முடியாமல் அதை அப்படியே சேமித்தும் வைத்திருந்தான்.

"உதவி பண்ணலாம்னுதான்க்கா..."

"உன்னைக் கேட்டேனா? கண்காணாத இடத்துக்குப் போய்த் தொலை!"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

சாயங்காலம் வரை வரவில்லை. ஃபோன் போட்டேன். சோபாவில் கிடந்து அடித்தது. செருப்பும் வாசலிலேயே இருந்தது. ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை, வெறுங்காலோடு போயிருக்கிறது எருமை என்று திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

பாறை பூமியை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கப்பல் இன்னும் அதைக் கவ்விக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் எப்போதும் 'ஆட்கள்: 0' என்று இருக்கும். இப்போது 1 என்று இருந்தது.

விளையாட்டை மூடித் திறந்தேன். 1.

"யாரைக் கேட்டுடா ஏறின? இறங்குடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். திருப்புகிற பொத்தானைக் குத்திக் குத்தி விரல் வலித்தது. கப்பல் அசையவில்லை.

ஆளில்லாத கப்பல்தானே என்று, திரும்பி வர எரிபொருள் நான் தனியாக வைக்கவே இல்லை.