முள்ளம்பன்றி யார்?

"நாகையாண்ணே, மேனேஜர் உங்கள உடனே வரச் சொல்றாரு. பிரிக்பீல்ட்ஸ் மிஸ் இப்பத்தான் அவருக்குப் போன் பண்ணாங்க."

சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் புஷ்பவல்லி அங்கேயே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. சேதி என்னவென்று நாகையா ஊகித்துவிட்டான். மிஸ் வாக்குத் தவறிவிட்டார், முள்ளம்பன்றியின் பெயரைச் சொல்லிவிட்டார்!

கிள்ளானில் இருந்த அந்த லோரிக் கம்பெனி, தன் ஆட்கள் எட்டுப் பேரை பிரிக்பீல்ட்ஸ் கல்லூரி ஒன்றின் இன்டர்நெட் வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தது. 1999-இல் அது பெரிய புதுமை. வேலை முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எல்லாரும் படிக்கும் வகுப்புப் பக்கத்தில் 'தொழிலாளியும் நிர்வாகமும்' பற்றி ஆளுக்கொரு கருத்து எழுத வேண்டும். எழுதினால் இருபது மார்க். அது இல்லாமல் பாஸாக முடியாது. பாஸாகாமல் சூப்பர்வைசர் ஆக முடியாது. பன்னிரண்டு வருஷமாகக் கிடங்கில் பெட்டி தூக்கும் நாகையாவுக்கு அந்த வேலைமேல் கொள்ளை ஆசை.

ஆனால் மூன்று வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? எட்டு மாணவர்களில் ஒருவர் மேனேஜர் ராதாகிருஷ்ணன்.

பாடம் நடத்தும் மிஸ் நாச்சம்மை கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில், "ஆளுக்கொரு புனைபெயரில் எழுதுங்கள். யார் எதுவென்று எனக்கு மட்டும்தான் தெரியும், செத்தாலும் சொல்லமாட்டேன்" என்றார்.

முதலில் வந்தது 'தாமரை'. நேரம் தவறாமையின் பெருமை பற்றி நாலு வரி. இதுதான் மேனேஜர் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

மறுநாள் வந்தது 'முள்ளம்பன்றி'. "எங்கள் மேனேஜரிடம் டாக்டர் எழுதிய எம்.சி. சீட்டைக் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பூட்டிய கீழ் டிராயரில், கேஸ்டிரிக் மாத்திரைக்கு அடியில், எங்கள் லீவு விண்ணப்பப் பாரங்கள் ஒன்பது தூங்குகின்றன. மனுஷனை நம்பாதவர் என்ன மேனேஜர்?"

அவ்வளவுதான், வகுப்பு களைகட்டிவிட்டது. ஒரே வாரத்தில் அறுபது கருத்துகள். ஓவர்டைம், கழிவறை, கேண்டீன் மீ கோரேங் நூடுல்ஸ் என்று ஒன்றையும் விடவில்லை. நாகையா மட்டும் தினமும் படித்துச் சிரிப்பான்; எழுத உட்கார்ந்தால் மேனேஜர் ஞாபகம் வரும், எழுந்து போய்விடுவான்.

முள்ளம்பன்றி யாரென்று அவனுக்கு ஓர் ஊகம் இருந்தது. வகுப்பில் இருப்பவர்களில் மேனேஜர் அறைக்கு நாளுக்குப் பத்துத் தடவை போய்வருகிறவள் புஷ்பவல்லிதான். அவளுக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் கணவன் கால் முறிந்து படுத்திருக்கிறான்.

"அண்ணே, என்னப் பத்திக் கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் இப்போது, கண் கலங்க.

"நீ போய் வேலயப் பாரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நாகையா படியேறினான்.

மேனேஜர் நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. மிஸ் போன் பண்ணாங்க. அந்த முள்ளம்பன்றி எழுதுனதெல்லாம் நீ படிச்சிருப்ப..."

"அது நான்தான் சார்!"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"புஷ்பவல்லிக்கு இதுல சம்பந்தமே இல்ல சார். யாரயாவது வேலய விட்டுத் தூக்கணும்னா என்னயத் தூக்குங்க." சூப்பர்வைசர் கனவு போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். அழுகைகூட வந்தது. ஆனாலும் சொன்னதற்கு வருத்தப்படவில்லை.

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மூணு வாரமா யாரும் எழுதலன்னு மிஸ் கிளாஸையே மூடப் பாத்தாங்க. ஒருத்தர் துணிஞ்சு ஆரம்பிச்சா மத்தவங்க தன்னால வருவாங்கன்னு எங்கிட்ட சொன்னாங்க. வந்துட்டாங்க. நீ மட்டும்தான் இன்னும் ஒரு வரிகூட எழுதலயாம். வெள்ளிக்கிழமையோட இருபது மார்க் போயிடும், எழுதச் சொல்லுங்கன்னுதான் இப்ப போன் பண்ணாங்க."

நாகையா விடவில்லை. "எழுதுனேனே சார்... அதான், முள்ளம்பன்றி..."

"முள்ளம்பன்றி நான்தான்லா!"